போர் என்று தொடங்குவதா, சமாதானம் என்று தொடங்குவதா: ஜான்சன் உரையின் இரண்டு வரைவுகள்

1968 மார்ச் 31, ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சன் வியட்நாம் குறித்துத் தொலைக்காட்சியில் ஆற்றிய உரை, மறுபடியும் தேர்தலில் நிற்கமாட்டேன் என்ற அறிவிப்புக்காகவே பெரும்பாலும் நினைவுகூரப்படுகிறது. அந்த அறிவிப்பு கடைசிச் சில வரிகளில்தான் வருகிறது. அதற்கு முன்னால் உள்ள நீண்ட பகுதி ஏறத்தாழ ஒரு மாத காலம் பல கைகள் மாறி, அடித்தும் திருத்தியும் எழுதப்பட்டது. முக்கியமான ஒவ்வொரு இடத்திலும் குறைந்தது இரண்டு வழிகள் அதிபர் முன் இருந்தன. அந்த வழிகளை எதிரெதிரே வைத்து, எது எதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டது, தேர்ந்தெடுத்தது சரிதானா என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். உரை எழுதுவது, கொள்கை முடிவான பின் நடக்கும் மெருகு வேலை என்று எண்ணுகிறவர்களுக்கு இந்த உரை நல்ல மறுப்பு. அந்த மார்ச்சில் வரைவைத் திருத்திய மேசையில்தான் கொள்கையே முடிவானது.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஜனவரி இறுதியில், வியட்நாமியப் புத்தாண்டான டெட் நாளையொட்டித் தொடங்கிய டெட் தாக்குதலில் வடவியட்நாம் படைகளும் தெற்கில் அவற்றோடு சேர்ந்து போரிட்ட வியட்காங் படைகளும் பெரும் இழப்பைச் சந்தித்தன. ஆனால், போர் முடிவை நெருங்குகிறது என்று சில மாதங்களுக்கு முன்புவரை கேட்டுவந்த அமெரிக்க மக்கள், தென்வியட்நாம் தலைநகர் சைகோனில் தங்கள் தூதரக வளாகத்துக்குள்ளேயே சண்டை நடப்பதைத் தொலைக்காட்சியில் கண்டார்கள். பிப்ரவரி முடிவில் கூட்டுப்படைத் தளபதிகளின் தலைவர் எர்ல் வீலர், மேலும் சுமார் 2,06,000 வீரர்கள் தேவை என்ற கோரிக்கையோடு வந்தார். மார்ச் 1 அன்று பாதுகாப்புச் செயலராகப் பொறுப்பேற்ற கிளார்க் கிளிஃபோர்டின் முதல் வேலை, அந்தக் கோரிக்கையை ஆராய்வதாக அமைந்தது. மார்ச் 12 அன்று நியூ ஹாம்ப்ஷயரில் நடந்த, ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளருக்கான முதனிலைத் தேர்தலில், போரை எதிர்த்து நின்ற செனட்டர் யூஜின் மெக்கார்த்தி 42 விழுக்காடு வாக்குகள் பெற்றார். பதவியில் இருந்த அதிபருக்குக் கிடைத்தது 49. நான்கு நாள் கழித்து ராபர்ட் கென்னடியும் களத்தில் இறங்கினார்.

இந்நிலையில் அதிபர் நாட்டு மக்களிடம் பேசியாக வேண்டும் என்பதில் ஆலோசகர்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. என்ன பேசுவது என்பதில்தான் இருந்தது. உரை எழுதும் பொறுப்பு, சிறப்பு ஆலோசகர் ஹாரி மெக்ஃபெர்சனுடையது. தொடக்கத்தில் அவர் எழுதிய வரைவுகள், கூடுதல் படைகளை அனுப்புவதற்கும் சேமப்படையினரை அழைப்பதற்கும் மக்களை ஆயத்தப்படுத்தும் வகையில் அமைந்தவை. ஜான்சனின் அன்றைய மனநிலையும் அப்படித்தான் இருந்தது. மார்ச் 18 அன்று மினியாபொலிஸ் நகரில் விவசாயிகள் சங்கக் கூட்டத்தில் அவர் பேசியது, பின்வாங்க நினைப்பவரின் பேச்சாக இல்லை. மார்ச் மாதம் நகர நகர 2,06,000 என்ற எண் தேய்ந்து, இறுதி உரையில் அடுத்த ஐந்து மாதங்களில் சுமார் 13,500 துணைப்படையினர் என்ற அளவுக்கு வந்துவிட்டது. ஆகவே படை எண்ணிக்கை பற்றிய முடிவு, உரை முடிவாவதற்கு முன்பே நடைமுறையில் தீர்ந்துவிட்டது எனலாம். தீராமல் நின்றது குண்டுவீச்சு.

குண்டுவீச்சில் மூன்று வழிகள் பேசப்பட்டன. எதையும் மாற்றாமல் தொடர்வது ஒன்று. ஐ.நா. தூதர் ஆர்தர் கோல்ட்பெர்க் மார்ச் நடுவில் எழுத்து மூலம் பரிந்துரைத்தபடி, வடவியட்நாம் மீதான குண்டுவீச்சை முழுமையாக நிறுத்துவது மற்றொன்று. மூன்றாவது, வெளியுறவுச் செயலர் டீன் ரஸ்க் மார்ச் தொடக்கத்திலேயே முன்வைத்த பகுதி நிறுத்தம்: போர்முனையோடு நேரடித் தொடர்புள்ள தென்பகுதியைத் தவிர, ஏனைய இடங்களில் தாக்குதலை விடுவது.

முழு நிறுத்தத்தின் வலிமை, ஹனோய் (வடவியட்நாம் அரசு) கேட்டதே அதுதான் என்பது. அதன் பலவீனம், வட, தென் வியட்நாம்களைப் பிரித்த இராணுவமற்ற மண்டலத்துக்குத் தெற்கே நின்ற அமெரிக்கப் படைகள் மீது வடக்கிலிருந்து படைகளும் பொருள்களும் குவியும் நேரத்தில் அதைச் சொல்ல நேர்வது; அந்த வாரங்களில் கே சான் என்ற அமெரிக்கத் தளத்தின் மீதான முற்றுகை இன்னும் விலகவில்லை. கோல்ட்பெர்கின் யோசனையை ஜான்சன் கோபத்துடன் ஒதுக்கினார். பகுதி நிறுத்தத்துக்கு இருந்த சாதகம், ஒரு பக்கம் பார்த்தால் பச்சையான கணக்கு: மழைமேகம் மூடும் காலமாதலால் வடக்கின் மேற்பகுதியில் அடுத்த சில வாரங்களுக்கு எப்படியும் பெரிய அளவில் குண்டு வீச முடியாது. நட்பு நாடுகளிலுள்ள தூதர்களுக்கு உரைக்கு முந்தைய நாள் அனுப்பப்பட்ட தந்தியிலேயே இந்த வானிலைக் கணக்கு இருக்கிறது. ஹனோய் இதை மறுக்கவே வாய்ப்பு அதிகம், மறுத்தால் சிறிது காலத்தில் நம் கை மீண்டும் விடுபடும் என்ற வரியும் அதே தந்தியில் உண்டு. சமாதான உரையின் பின்புறம் இப்படியும் எழுதப்பட்டிருந்தது என்பதை மறைக்காமல் சொல்லியாக வேண்டும். அதற்காக உரையே நாடகம் என்று நான் முடிவுகட்டமாட்டேன். ஒரே வாக்கியத்தை ரஸ்க் ஒரு கணக்கோடும் கிளிஃபோர்ட் வேறொரு கணக்கோடும் ஆதரிக்க முடிந்ததுதான் அந்த வழியை உயிரோடு வைத்திருந்தது.

மார்ச் 25, 26 தேதிகளில் முன்னாள் வெளியுறவுச் செயலர் டீன் அச்செசன் உள்ளிட்ட மூத்த வெளியுறவு வல்லுநர்கள் கூடினார்கள். நவம்பரில் அதிபரின் போக்கை ஆதரித்த குழுவில் பலர், இப்போது போரிலிருந்து விலகும் வழியைப் பாருங்கள் என்று சொன்னது ஜான்சனை உலுக்கிவிட்டது. ஆயினும் இரண்டு நாள் கழித்தும் மேசையில் இருந்தது பழைய வரைவுதான். மார்ச் 28 அன்று ரஸ்கின் அலுவலகத்தில் ரஸ்க், கிளிஃபோர்ட், தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் வால்ட் ரோஸ்டோவ், வெளியுறவுத் துறையின் வில்லியம் பண்டி, மெக்ஃபெர்சன் ஆகியோர் அந்த வரைவைத் திருத்த உட்கார்ந்தார்கள். அங்கே கிளிஃபோர்ட் எடுத்த நிலை, சொல் திருத்தத்தைத் தாண்டியது. இந்த உரை போரைப் பற்றியது, அதிபருக்கு வேண்டியது சமாதானத்தைப் பற்றிய உரை என்று அவர் வாதாடினார். மணிக்கணக்கில் நடந்த அந்தக் கூட்டத்தில் ரஸ்கும் ரோஸ்டோவும் அவரைத் தடுக்கவில்லை. அவர்கள் தடுத்திருந்தால், மறுநாள் அதிபரின் கைக்கு ஒரே ஒரு வரைவு போயிருக்கும்.

அன்றிரவு மெக்ஃபெர்சன் மாற்று வரைவு ஒன்றை எழுதி, முதல் வரைவையும் கூடவே வைத்து இரண்டையும் அதிபருக்கு அனுப்பினார். ஒன்று போர் உரை, மற்றது சமாதான உரை. எது வேண்டும் என்று ஜான்சன் சொல்லவில்லை. மறுநாள் தொலைபேசியில் அழைத்து, மூன்றாம் பக்கத்தில் உள்ள ஒன்று எனக்குப் பிடிக்கவில்லை என்று திருத்தம் சொல்லத் தொடங்கினார். மெக்ஃபெர்சன் அவசரமாகப் பக்கங்களைப் புரட்டினார். அதிபர் குறிப்பிட்ட சொற்கள் இருந்தது சமாதான வரைவின் மூன்றாம் பக்கத்தில். அதிபர் எந்த வரைவைக் கையில் எடுத்திருக்கிறார் என்பது அவருக்குத் தெரிந்தது அப்படித்தான். பெரிய முடிவுகள் பல நேரங்களில் கையொப்பமிட்ட உத்தரவாக வருவதில்லை. இங்கே ஒரு பக்க எண்ணாக வந்தது.

இரண்டு வரைவுகளையும் ஒப்பிட்டால், முதல் வாக்கியத்திலேயே வழி பிரிகிறது. பழைய வரைவு வியட்நாம் போரைப் பற்றி உங்களிடம் பேசுகிறேன் என்று தொடங்கியது. உரையாக ஒலித்த வடிவமோ, இன்றிரவு வியட்நாமிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் சமாதானத்தைப் பற்றி உங்களிடம் பேச விரும்புகிறேன் என்று தொடங்குகிறது. பழைய வரைவில் குண்டுவீச்சைக் குறைக்கும் பேச்சே இல்லை. புதியதில் அது முதலில் வருகிறது. 13,500 துணைப்படையினர் புதியதிலும் இருக்கிறார்கள், ஆனால் வெகுதூரம் தள்ளி, சமாதான முன்மொழிவு நிலைநாட்டப்பட்ட பிறகு வருகிறார்கள். இந்த வரிசை மாற்றத்தை வெறும் அலங்காரம் என்று ஒதுக்க முடியாது. படைச் செய்தி முன்னால் வந்திருந்தால், பின்னால் வரும் நிறுத்தம் ஒரு சமாதானப் பூச்சாகத் தெரிந்திருக்கும். நிறுத்தம் முன்னால் வந்ததால், படைச் செய்தி ஏற்கெனவே அனுப்பப்பட்டவர்களுக்கான துணை ஏற்பாடாகக் குறுகிவிட்டது. ஹனோயில் உட்கார்ந்து படிப்பவருக்கும் அயோவாவில் உட்கார்ந்து கேட்பவருக்கும் இந்த வேறுபாடு ஒரே மாதிரி புரியும் என்பதே இத்தேர்வின் சிறப்பு. இந்த இடத்தில் கிளிஃபோர்ட் சரி. பழைய வரைவை எவ்வளவு பட்டை தீட்டியிருந்தாலும் அது இந்த வேலையைச் செய்திருக்காது.

அடுத்த கேள்வி நிபந்தனை. இதற்கு முன் 1967 செப்டம்பர் 29 அன்று சான் அந்தோனியோவில் ஜான்சன் ஒரு சூத்திரத்தை முன்வைத்திருந்தார். பயனுள்ள பேச்சுவார்த்தைக்கு விரைவில் இட்டுச்செல்லுமானால் குண்டுவீச்சை நிறுத்த அமெரிக்கா தயார் என்றும், பேச்சு நடக்கையில் அந்த நிறுத்தத்தை வடவியட்நாம் தனக்குச் சாதகமாகப் பயன்படுத்திக்கொள்ளாது என்று கருதிக்கொள்கிறோம் என்றும் அது சொன்னது. ‘நிபந்தனை’ என்ற சொல்லைத் தவிர்ப்பதற்காகவே ‘கருதிக்கொள்கிறோம்’ என்ற வினை தேர்ந்தெடுக்கப்பட்டது. ஹனோய் அதில் ஏமாறவில்லை. பெயர் மாற்றிய நிபந்தனை என்று தள்ளிவிட்டது. பிறகு 1968 ஜனவரி 25 அன்று, நியமன உறுதிப்பாட்டுக்காக செனட் குழுவின் முன் வந்த கிளிஃபோர்ட், சாதகமாகப் பயன்படுத்தாமை என்றால் வழக்கமான அளவுப் போக்குவரத்தைக்கூட நிறுத்துவது என்று பொருளல்ல என விளக்கினார். போர் நிறுத்தம் உண்டாகும்வரை வழக்கமான அளவில் ஆளும் பொருளும் தெற்கே போகும் என்றே எடுத்துக்கொள்வதாக அவர் சொன்னது, சூத்திரத்தின் ஓர் எழுத்தையும் மாற்றாமல் அதன் பொருளைத் தளர்த்திவிட்டது.

எதிர்த்தரப்பும் சும்மா இருக்கவில்லை. குண்டுவீச்சு நிபந்தனையின்றி நின்றால் பேச்சுவார்த்தை தொடங்கலாம் என்று 1967 ஜனவரி 28 அன்று சொன்ன வடவியட்நாம் வெளியுறவு அமைச்சர் நுயென் சுய் திரின், அதே ஆண்டு டிசம்பர் 29 அன்று பேச்சுவார்த்தை தொடங்கும் என்றார். ‘தொடங்கலாம்’ என்பது ‘தொடங்கும்’ ஆனது. தமிழில் விகுதி ஒன்று மாறியதுபோலத் தோன்றும் இந்த வேறுபாட்டை, உலகத் தலைநகரங்களில் வாரக்கணக்கில் உரசிப் பார்த்தார்கள். வாசிக்கும் நமக்கு இது சற்று மிகையாகப் படலாம். ஆனால் நேரடித் தொடர்பில்லாத இரு அரசுகள் பொதுமேடை வாக்கியங்களின் வழியே பேரம் பேசும்போது, வினைமுற்றுதான் தூதர்.

இந்தப் பின்னணியில் மார்ச் உரைக்கு முன் இரு பாதைகள் இருந்தன. இருபதாவது அட்சக்கோட்டுக்கு வடக்கே தாக்குதலை நிறுத்துகிறோம், பதிலுக்கு இராணுவமற்ற மண்டலத்திலிருந்து வரும் தாக்குதலை நிறுத்துங்கள் என்று கைமாறு கேட்பது ஒன்று. கிளிஃபோர்டே ஒரு கட்டத்தில் இந்த வகையில் யோசித்திருந்தார். எதையும் கேட்காமல், செய்வதைச் செய்துவிட்டு விளைவைப் பார்ப்பது மற்றொன்று. இது ரஸ்கின் வழி: சொற்களைப் பற்றிய வேதாந்த விவாதம் வேண்டாம், செயல் பேசட்டும் என்பது. இறுதி உரை ரஸ்கின் பக்கம் சாய்ந்தது. போரின் அளவைக் குறைக்கிறோம், ஒருதலையாக, உடனே செய்கிறோம் என்கிறது அது. பின்னர் சான் அந்தோனியோ முன்மொழிவைப் புதுப்பித்து, முழு நிறுத்தத்துக்கு மட்டும் பழைய ‘கருதிக்கொள்கிறோம்’ வரியை வைத்துக்கொள்கிறது. கட்டுப்பாட்டுக்குக் கட்டுப்பாடு பதிலாக வருமானால் எஞ்சிய குண்டுவீச்சும் விரைவில் முடியலாம் என்கிறது. பகுதி நிறுத்தத்துக்கு விலை இல்லை, முழு நிறுத்தத்துக்கு விலை உண்டு. இரண்டையும் ஒரே உரையில் வைத்தும் குழப்பாமல் பிரித்துக் காட்டியது நல்ல எழுத்துவேலை. போருக்கு ஆதரவானவராகவே அறியப்பட்ட ரஸ்கின் யோசனைதான் உரையின் மிக மென்மையான வாக்கியத்தைத் தந்தது என்பதையும் போகிற போக்கில் குறித்துக்கொள்ளலாம்.

சறுக்கியது எல்லைக்கோட்டில். மார்ச் 30, சனிக்கிழமை, அமைச்சரவை அறையில் வரைவு வரிவரியாக வாசிக்கப்பட்டது. ரஸ்க் நியூசிலாந்து மாநாட்டுக்குப் புறப்பட்டுவிட்டதால், அவருடைய இடத்தில் வெளியுறவுத் துணைச் செயலர் நிக்கலஸ் காட்ஸன்பாக் இருந்தார். வரைவில் இருபதாவது அட்சக்கோடு என்று எண்ணாகவே இருந்த எல்லையை விட்டுவிட்டு, அதை விவரித்துச் சொல்லலாம் என்ற யோசனை அவருடையது. அதன்படி உரை இவ்வாறு அமைந்தது: வடவியட்நாமைத் தாக்கக்கூடாது என விமானங்களுக்கும் கப்பல்களுக்கும் ஆணையிட்டுள்ளேன்; இராணுவமற்ற மண்டலத்துக்கு வடக்கே, எதிரியின் படைக்குவிப்பு நம் முன்னணி நிலைகளை நேரடியாக அச்சுறுத்தும் பகுதி மட்டும் விதிவிலக்கு.

எண்ணை விடுவதற்குக் காரணங்கள் இல்லாமல் இல்லை. அட்சக்கோடு என்றால் பெரும்பாலான வீடுகளில் நிலப்படத்தைத் தேட வேண்டியிருக்கும். எண்ணைச் சொல்லிவிட்டால், கோட்டுக்கு மேலே இருப்பதெல்லாம் பாதுகாப்பு என எதிரிக்கு எழுதிக் கொடுத்ததாகிவிடும். பின்னால் கோட்டை நகர்த்த வேண்டி வந்தால் எண் காலைக் கட்டும். விவரிப்பு இந்த மூன்றையும் தவிர்க்கிறது. ஆனால் விவரிப்பைக் கேட்டவர் மனத்தில் எழும் படம் வேறு. முன்னணி நிலைகளை நேரடியாக அச்சுறுத்தும் பகுதி என்றதும், மண்டலத்துக்கு அப்பால் சில மைல்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். இருபதாவது அட்சக்கோடோ அந்த மண்டலத்திலிருந்து இருநூறு மைலுக்கும் மேல் வடக்கே ஓடுகிறது. மக்கள்தொகையில் ஏறத்தாழ 90 விழுக்காடு தாக்குதலுக்கு வெளியே என்று உரை சொன்னது. அந்த எண் தடையின்றி உள்ளே வந்திருக்க, இந்த எண்ணை மட்டும் ஒளித்தது விந்தை.

விளைவு மறுநாளே வந்தது. அமெரிக்க விமானங்கள் மண்டலத்திலிருந்து சுமார் 205 மைல் வடக்கே, இருபதாவது அட்சக்கோட்டுக்குச் சற்றே கீழே உள்ள தான் ஹோவா பகுதியைத் தாக்கின. ஆணைப்படி பார்த்தால் தவறில்லை. உரைப்படி கேட்டவர்களுக்கு அது வாக்குத் தவறியது. செனட்டில் வில்லியம் ஃபுல்பிரைட் எழுந்து கடுமையாகச் சாடினார். அரசு இருபதாவது அட்சக்கோடு என்ற விளக்கத்தைப் பிறகு வெளியே சொல்லித்தான் ஆகவேண்டியிருந்தது. அதற்கு மேலும் சில நாளில், குண்டுவீச்சு நடைமுறையில் பத்தொன்பதாவது அட்சக்கோட்டுக்குக் கீழே இழுக்கப்பட்டது. எண்ணைச் சொல்வதால் வரும் சங்கடம் ஒரு நாளோடு போகும். சொல்லாததால் வரும் சந்தேகம் பேச்சுவார்த்தை மேசை வரை கூட வரும். இந்த ஓர் இடத்தில் வரைவின் பழைய வடிவமே மேல்.

இன்னொரு கவனக்குறைவும் உண்டு. இந்த அசிங்கமான போரை முடிக்கும் வழியைப் பேச எந்த மன்றத்துக்கும், எந்த நேரத்திலும் பிரதிநிதிகளை அனுப்ப அமெரிக்கா தயார் என்று உரை சொன்னது. அது பழகிப்போன வாக்கியம், அதற்கு முன்னும் பலமுறை சொல்லப்பட்டது. அதனாலேயே யாரும் நின்று பார்க்கவில்லை. ஹனோய் புனோம் பென்னையும் வார்சாவையும் முன்மொழிந்தபோது ஜான்சன் இரண்டையும் ஏற்கவில்லை. எந்த மன்றமும் என்றீர்களே என்ற கேள்வி ஒரு மாதம் அவரைத் துரத்தியது. மே தொடக்கத்தில் பாரிஸ் முடிவான பிறகுதான் அது ஓய்ந்தது. பொருத்தமான எந்த இடத்துக்கும் என்று ஒரே ஓர் அடைமொழி சேர்த்திருந்தால் போதும்.

உரையின் முடிவு தனிக்கதை. மெக்ஃபெர்சன் எழுதிய முடிவுரையை ஜான்சன் ஒதுக்கி, நானே ஒன்று வைத்துக்கொள்வேன் என்றார். அந்தப் பகுதியை அவருடைய பழைய உதவியாளர் ஹோரஸ் பஸ்பி எழுதினார். என் கட்சியின் வேட்பாளராக நான் நியமனம் நாடமாட்டேன், அளித்தாலும் ஏற்கமாட்டேன் என்ற அந்த வாக்கியத்தில் இரண்டு வினைகள் இருப்பது கவனிக்கத்தக்கது. நாடமாட்டேன் என்பதோடு நிறுத்தியிருந்தால், ஆகஸ்ட் மாநாட்டில் கட்சி அழைத்தால் வருவார் என்ற வாசல் திறந்தே இருக்கும். இரண்டாவது வினை அந்த வாசலைச் சாத்தியது. சமாதானப் பேச்சு தேர்தலுக்கான தந்திரம் என்று சொல்ல இருந்தவர்களின் வாயை, குண்டுவீச்சைப் பற்றிய எந்தப் பத்தியையும்விட இந்த வினை வலுவாக அடைத்தது.

ஏப்ரல் 3 அன்று ஹனோய் பதில் சொன்னது, வாஷிங்டன் எதிர்பார்த்த மறுப்பாக இல்லாமல். அந்தப் பதிலும் அளந்து எழுதப்பட்டது. பேச்சுவார்த்தைக்கு வருகிறோம் என்று அது சொல்லவில்லை. பேச்சுவார்த்தை தொடங்குவதற்கு ஏதுவாக, குண்டுவீச்சை நிபந்தனையின்றி நிறுத்துவதை முடிவுசெய்ய அமெரிக்கப் பிரதிநிதியுடன் தொடர்பு கொள்ளத் தயார் என்றது. முழு நிறுத்தம் வரும்வரை பேசமாட்டோம் என்ற நிலையையும் விடவில்லை, வந்த வாய்ப்பையும் விடவில்லை. மே 13 அன்று பாரிஸில் அமெரிக்கப் பிரதிநிதி ஏவரல் ஹாரிமனும் வடவியட்நாம் பிரதிநிதி சுவான் துய்யும் மேசைக்கு இருபுறமும் அமர்ந்தபோது, அந்தச் சந்திப்புக்கு அதிகாரபூர்வ உரையாடல் என்று பெயர். முழு நிறுத்தத்தை ஜான்சன் அறிவிக்க அக்டோபர் 31 ஆயிற்று. ‘நிபந்தனையின்றி’ என்ற சொல் அன்றைய உரையிலும் இடம்பெறவில்லை.